மைக் திறந்திருக்கிறது

நான்கு பேர் ஓர் அணியாக விளையாடும் கணினி ஆட்டத்தில் தோற்றால் நான்கு பேரும்தான் தோற்க வேண்டும். ஆனால் அடிபட்டவர்களைக் காப்பாற்றும் எந்த ஹீலரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், அப்படி ஒரு நியாயம் இதுவரை எங்கும் நடந்ததில்லை என்பார். சுடுகிறவன் ஜெயித்தால் அவன் வீரன். சுடப்போய்ச் செத்தால் ஹீலர் சரியில்லை. ஹனீன் இந்தப் பாடத்தை இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. தெம்பனிஸில் உம்மாவோடு இருந்தாள். அடுக்குமாடிகளின் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் எடுத்துப் பேசுவதுதான் வேலை. மாட்டிக்கொண்டவர்கள் அந்த ஊரின் நாலு மொழியிலும் கத்துவார்கள். அவள் அசரமாட்டாள். மூடிய பெட்டிக்குள் நிற்கிறவர் கத்தத்தான் செய்வார், அதில் தப்பே இல்லை. ஆனால் தோ பாயோவில், ஏசி அறையில், அம்மா உரித்துக்கொடுத்த ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டு சாய்ந்திருக்கும் ரமணன் எந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டு இப்படிக் கத்துகிறான் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

ரமணன்தான் அணியின் கேப்டன். விளையாட்டின் பெயர் ஹார்பர் ஃபோர். ஒரு துறைமுகம், அதன் நடுவில் ஒரு கலங்கரை விளக்கம், இரண்டு அணிகள். விளக்கடியைப் பிடித்து, விளக்கு முழுதாக எரியும்வரை எந்த அணி விடாமல் நிற்கிறதோ அதற்கு அந்தச் சுற்று. தாரணி கேடயத்தோடு முன்னால் நிற்பாள். ரமணனும் ராஜீவும் சுடுவார்கள். ஹனீன் பின்னால் நின்று அடிபட்டவர்களுக்கு உயிர் ஊட்டுவாள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் ஊட்ட முடியும். அந்த ஒருவர் யார் என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். முடிவு சரியாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ரமணன் கெட்டவன் என்று சொன்னால் பாவம். உம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றவன். பயிற்சி முடிந்தால் எல்லாரையும் காரில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவான். ஹெட்செட்டை மாட்டினால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். ‘செவிடா’ என்பான், ‘எருமை’ என்பான். ஆட்டம் முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல, “சாப்பிட்டியா? பிராட்டா வாங்கிட்டு வரவா?” என்று கேட்பான். அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் நடந்திருக்காது. நடந்ததெல்லாம் ஹனீனுக்குத்தான்.

தோற்ற ஆட்டங்களுக்குச் சனிக்கிழமைதோறும் போஸ்ட்மார்ட்டம் உண்டு. ரமணன் வீடியோவைப் போடுவான். தான் செத்து விழும் இடத்தில் நிறுத்துவான். திரையில் ஹனீன் எங்கோ தள்ளி நிற்பாள். “இங்க என்ன பண்ற நீ?” என்பான். அதற்குப் பத்து விநாடி முன்னால், யார் பேச்சையும் கேட்காமல் கேடயத்தை விட்டு அவன் தனியாக ஓடிய இடத்திலிருந்து ஒருநாளும் வீடியோவை ஆரம்பித்ததில்லை. ஹனீனும் ஆரம்பிக்கச் சொன்னதில்லை. அதுதான் அவள் செய்த தப்பு என்று நான் சொல்வேன்.

இதையெல்லாம் வெளியே யாரும் அறியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அணியில் நாலு பேரும் தமிழ். ஆட்டத்தில் பேசுவதெல்லாம் தமிழ்தான். எதிரணிக்குப் புரியாது, நடுவருக்குப் புரியாது, பார்க்க வருகிறவர்களுக்கும் புரியாது. எந்தக் கூட்டத்திலும் தமிழில் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்று ஓர் அசட்டுத் தைரியம் நம்மாட்களுக்கு உண்டு. எம்ஆர்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியே சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிற கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அரையிறுதி, மேற்கே ஒரு கடைத்தொகுதியின் நடுக்கூடத்தில் நடந்தது. அங்கே போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வழக்கம். முக்கியமான கட்டத்தில் அணிக்குள் பேசிக்கொள்வதை அப்படியே ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார்கள், பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கட்டும் என்று. அன்றைக்கு ரமணனின் குரல் கூடம் முழுக்க முழங்கியது.

“ஏய் தூங்குமூஞ்சி! கண்ணு என்ன பொடனிலயா இருக்கு? உன்னையெல்லாம் டீம்ல வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!”

வர்ணனையாளர் ஒரு சீன இளைஞர். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “என்ன உணர்ச்சி பாருங்கள்! கேப்டன் தன் ஹீலருக்கு எப்படி உற்சாகம் ஊட்டுகிறார்!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். கூட்டம் கைதட்டியது. அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அடியில் ‘இப்படி ஒரு கேப்டன் வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். ஹனீனின் அலுவலகத்தில் பக்கத்து மேசை மலாய்க்காரப் பெண் அதைக் காட்டி, “உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது” என்றாள். ஹனீன் சிரித்துவைத்தாள். வேறு என்ன செய்வது?

ஆனால் வீட்டில் ஒருத்திக்குத் தமிழ் தெரியும். உம்மா சம்சுன்னிசா சமையலறையில் நின்றுகொண்டு, யாரோ அனுப்பிய அந்த வீடியோவைத் தன் போனில் இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“இது அந்தத் தோ பாயோ பையன்தானே? அவன் ஒன்னையா ஏசுறான்?”

“விளையாட்டுல அப்படித்தான்மா. ஹீட்ல வந்துரும். மனசுல ஒண்ணும் இல்ல.”

“அவன் மனச விடு. ஒன் மனசுல என்ன இருக்கு?”

‘ஹீட்ல வந்துரும்’ என்று சொன்னது தன் வாய்தானா என்று ஹனீனுக்கே வெட்கமாக இருந்தது. அவன் ஏசியதைவிட, அவனுக்காக அவள் வக்காலத்து வாங்கியதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அணியை விட்டுப் போய்விடலாம். சுலபம். ஆனால் அவளுக்கு இந்த விளையாட்டு உயிர். பின்னால் நின்று துறைமுகம் முழுவதையும் ஒரே பார்வையில் பிடிப்பதும், விழப்போகிறவரைக் கடைசி நொடியில் எழுப்பிவிடுவதும் அவளுக்குக் கிடைத்த வரம். யாரோ கத்துகிறான் என்பதற்காக அதை ஏன் விட வேண்டும்? கத்துகிறவன் நிறுத்தட்டும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

இறுதிப்போட்டி எங்கே என்ற தகவல் அந்த வாரமே வந்தது. தமிழர்கள் நிறைந்த தேக்காவில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சமூக மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பகலில். ரமணனுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம இடத்தில் ஃபைனல்! அம்மா, பெரியம்மா, அத்தைகள், அலுவலகத்து ஆட்கள் என்று சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லிவிட்டான். அப்புறம்தான் சனிக்கிழமைப் பயிற்சியில் தாரணி போனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“ரமணன், அங்கயும் நம்ம வாய்ஸ ஸ்பீக்கர்ல போடுவாங்களாம். இந்தத் தடவ ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்.”

ரமணன் ஆரஞ்சுச் சுளையை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான். தேக்கா மண்டபம். முன்வரிசையில் அத்தைகள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, எப்போதும் வாயே திறக்காத ராஜீவ்கூடச் சிரித்துவிட்டான்.

“ஓகே, நோ ப்ராப்ளம்,” என்றான் ரமணன். “ஃபைனல்ல நாம இங்கிலீஷ்ல பேசுவோம். இன்னைக்கே பிராக்டிஸ் பண்ணலாம்.”

பண்ணினார்கள். அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! அவர்களுக்கு ‘பின்னால’, ‘மேல’, ‘விடாத’ என்று ஒற்றைச் சொல்லில் ஓடிப் பழகிய கைகள். ஆங்கிலத்தில் ரமணன் திடீரென்று வங்கி அதிகாரி ஆகிவிட்டான். “ஹனீன், கேன் யு ப்ளீஸ் ஹெல்ப் மீ ஆன் தி லெஃப்ட்” என்று முடிப்பதற்குள் அவன் பிணமாகியிருந்தான். தாரணி இடதுக்குப் பதில் வலது போனாள். மூன்று ஆட்டம் ஆடினார்கள், மூன்றிலும் கத்துக்குட்டிகளிடம் தோற்றார்கள்.

“இது வேலைக்காகாது,” என்றாள் ஹனீன். “தமிழ்லயே பேசுவோம்.”

“விளையாடுறியா? எங்கம்மா உக்காந்திருப்பாங்க!”

“நல்லதுதானே. அம்மா முன்னாடி சொல்ல முடியாதத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

ரமணன் சிரிக்கப் பார்த்தான். “ஏய், அது சும்மா லா. ஹீட்ல வர்றது. நான் உன்ன என் தங்கச்சி மாதிரி…”

“தங்கச்சிய இப்படிப் பேசுவீங்களா? இருங்க.”

அவள் எழுந்துபோய் அவனுடைய கணினியில் பழைய வீடியோ ஒன்றைத் திறந்தாள். அவன் வழக்கமாக நிறுத்தும் இடத்திலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டே போனாள். ரமணன் கேடயத்தை விட்டு ஓடினான். பின்னணியில் ‘பின்னால வாங்க’ என்று ஹனீனின் குரல் தெளிவாகக் கேட்டது. ஓடினான், விழுந்தான், ஏசினான். அடுத்த வீடியோ. அதிலும் அதே ஓட்டம், அதே குரல். மூன்றாவதைத் திறக்கும்போது ரமணன், “சரி, சரி, போதும்” என்றான்.

“ஃபைனல்ல எப்பப் போகணும், எப்பத் திரும்பணும்னு நான் சொல்றேன்,” என்றாள் ஹனீன். “பின்னால நிக்கிற எனக்குத்தான் எல்லாம் தெரியுது. இன்னொண்ணு. ஒரு ஏச்சு வந்தாலும் ஹெட்செட்டக் கழட்டி வெச்சுருவேன். ஜெயிக்கிற நேரமா இருந்தாலும் சரி.”

“மிரட்டுறியா?”

“சொல்லிட்டுச் செய்றேன். அவ்வளவுதான்.”

ரமணன் மற்ற இருவரையும் பார்த்தான். ராஜீவ், “எனக்கு ஓகே லா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். தாரணி, “இத நான் எப்பவோ சொல்லியிருக்கணும்” என்றாள். அன்றைக்கு ரமணன் யாரையும் காரில் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. கோயிலுக்கு வந்தவர்கள், சாமான் வாங்க வந்தவர்கள், சும்மா கூட்டம் பார்த்து உள்ளே வந்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். முன்வரிசையில் ரமணனின் அம்மா பட்டுப்புடவையில், பக்கத்தில் அத்தைகள். கடைசி வரிசையில் உம்மா, கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு. மூன்று சுற்று ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை.

முதல் சுற்றில் ரமணன் வாயைத் திறக்கவே பயந்தான். ஹனீனின் குரல் மட்டும் மண்டபத்தில் கேட்டது. “தாரணி, படிக்கட்டு. ராஜீவ், மேல பாரு. ரமணன், இப்ப வாங்க, இப்ப!” அவன் வந்தான். விளக்கு எரிந்தது. தங்கள் மொழியில் ஒரு சண்டை நடப்பதைக் கேட்ட சந்தோஷத்தில் கூட்டம் கூரை அதிரக் கத்தியது. இரண்டாவது சுற்று எதிரணிக்குப் போனது. மூன்றாவது மறுபடியும் இவர்களுக்கு. இன்னும் ஒன்றுதான்.

நான்காவது சுற்றில் விளக்கு முக்கால்வாசி எரிந்துவிட்டது. எதிரணியில் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள், மூன்றாமவன் குற்றுயிராக ஓடினான். அவனை விட்டுவிட்டுச் சும்மா நின்றிருந்தாலே கோப்பை கையில். “நில்லுங்க, யாரும் போகாதீங்க” என்றாள் ஹனீன். ஆனால் முன்வரிசையில் அம்மா இருந்தாள், அத்தைகள் இருந்தார்கள், ஓடுகிறவனைச் சுட்டு வீழ்த்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ரமணன் ஓடினான். மூலையில் நான்காமவன் காத்திருந்தான். ரமணன் பொத்தென்று விழுந்தான்.

“செவிட்டு முண்டம்! எங்கடி போய்த் தொலைஞ்ச?”

தேக்கா மண்டபத்தின் நாலு மூலையிலும் அது கேட்டது. ஒருத்தரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் யாரோ “அடப்பாவி” என்றார்கள்.

திரையில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இவர்களில் மூன்று பேர் மிச்சம் இருந்தார்கள், இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து நின்றால் ஜெயித்துவிடலாம். ஹனீன் அதைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கோப்பை வேண்டும், வெறியாக வேண்டும். இரண்டு வருஷம். ஒரு விநாடி கை விசைப்பலகையிலேயே இருந்தது. பிறகு அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

நடுவர் ஓடிவந்தார். கருவியில் கோளாறா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கருவியெல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள் ஹனீன். அப்படியானால் அணி தானாக நிறுத்தியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இந்தச் சுற்று எதிரணிக்குப் போய்விடும் என்றார் நடுவர். தெரியும் என்றாள். பலகையில் இரண்டுக்கு இரண்டு என்று மாறியது. கடைசிச் சுற்றுக்கு இரண்டு நிமிஷத்துக்குள் நாலு பேரும் உட்காராவிட்டால் ஆட்டமே போய்விடும்.

ரமணன் தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான். முகம் வெளிறியிருந்தது. “ஸாரி, ஹனீன். வாய் தவறி வந்துருச்சு. சத்தியமா. உக்காரு, ப்ளீஸ்.”

“கைய எடுங்க.”

“என்னது?”

“ஏசுனது மைக்ல. மன்னிப்பும் மைக்லதான் கேக்கணும்.”

அவன் முன்வரிசையை ஒருமுறை பார்த்தான். அம்மா அவனைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தான். “ஐ’ம் ஸாரி, கைஸ். ஹீட் ஆஃப் தி மோமெண்ட்,” என்றான்.

ஹனீன் நின்றுகொண்டே இருந்தாள். “இங்கிலீஷ்ல ஏசல நீங்க.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் ‘உஷ்’ என்றார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஹனீன் பலகையில் இரண்டுக்கு இரண்டு என்று இருந்ததைப் பார்த்தாள். இவன் எழுந்து போய்விட்டால் எல்லாம் முடிந்தது, கோப்பையும் போய்விடும், அணியும் போய்விடும். போனால் போகட்டும். இதற்குமேல் ஒரு அங்குலம் இறங்கினால் பிறகு வாழ்நாள் முழுக்க ‘ஹீட்ல வந்துரும்’ என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரமணன் தொண்டையைச் செருமினான். அவன் தமிழ் அவ்வளவு மெதுவாக வந்து யாரும் கேட்டதில்லை.

“ஹனீன் போகாதீங்கன்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் போனேன். செத்தது என் தப்பு. போன தடவையும் என் தப்புதான்.” கொஞ்சம் நிறுத்தினான். “அவள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுரு, ஹனீன்.”

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஹனீன் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினாள். மன்னித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அவளுக்கும் அப்போது தெரியாது. விளையாட வேண்டியிருந்தது.

கடைசிச் சுற்று நீண்டது. எதிரணிக்கு எங்கிருந்தோ புதுத் தெம்பு வந்திருந்தது. முதலில் ராஜீவ் விழுந்தான். விளக்கு பாதி எரிந்தது, பிறகு முக்கால். ஹனீன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள், சொன்ன இடத்துக்கெல்லாம் ரமணன் வந்தான். கடைசியில் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அடித்தார்கள். வலது பக்கம் ரமணன் குற்றுயிராக நின்றான். இடது பக்கம் தாரணியின் கேடயம் உடைந்து அவளும் குற்றுயிராக நின்றாள். யாராவது ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். தாரணி விழுந்தால் விளக்கடி போய்விடும். ரமணன் விழுந்தால் ரமணன் மட்டும்தான் போவான்.

மண்டபத்தில் எல்லாருக்கும் ரமணனின் மைக் திறந்திருப்பது தெரியும். ஹனீன் ஒருதரம்கூட வலது பக்கம் திரும்பவில்லை. ரமணன் விழுந்தான். அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பது ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது.

“என்ன விடு, ஹனீன்,” என்றது அவன் குரல். “தாரணியப் பாரு.”

அவன் அதைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஹனீன் தாரணியை எழுப்பி நிறுத்திவிட்டிருந்தாள், விளக்கு முழுதாக எரிந்துவிட்டிருந்தது.